புதிய பாகமா, அரிய பாகமா?

லெகோ டெக்னிக் வரிசையில் ஆண்டுதோறும் புதுப் பெட்டிகள் வந்ததும், அவற்றில் உள்ள புதிய பாகங்களையும் அரிய பாகங்களையும் ஆர்வலர்கள் பட்டியலிடத் தொடங்கிவிடுகிறார்கள். பல பட்டியல்களில் இரண்டும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. அதை நம்பி, ஒரே ஒரு பாகத்துக்காகப் பெரும் பணம் கொடுத்துப் பெட்டி வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க 2019ஆம் ஆண்டின் பெட்டிகள் நன்றாக உதவும். வெறும் நிறம் மாறி வந்த பாகங்களும், வண்டியின் ஓட்டத்தையே மாற்றிய பாகங்களும் அந்த ஆண்டில் சேர்ந்தே வந்தன.

முதலில் நிறம். அந்த ஆண்டு வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் (42110) 2,573 பாகங்கள். டெக்னிக்கின் பல பாகங்கள் ஆலிவ் பச்சை நிறத்தில் முதன்முதலாக இதில்தான் கிடைத்தன. வடிவம் பழையது, நிறம் மட்டும் புதியது. இருக்கும் அச்சிலேயே வேறு நிறப் பிளாஸ்டிக்கை ஊற்றினால் போதும். அந்த நிறத்தில் வேறு பெட்டியில் வராதவரை அது அரிய பாகம். வந்துவிட்டால் சாதாரணப் பாகம்.

வடிவமே புதிது என்றால் கதை வேறு. அதற்குத் துல்லியமான உலோக அச்சைப் புதிதாகச் செய்ய வேண்டும், அது பெரும் செலவு. அதனால் அத்தகைய பாகத்தை நிறுவனம் ஒரே பெட்டியோடு விட்டுவிடுவது குறைவு. கைபேசியிலிருந்து இயக்கும் கண்ட்ரோல் பிளஸ் ஹப்பும் (மோட்டார்களை இணைக்கும் பெட்டி) மோட்டார்களும் 2019இல் அறிமுகமாயின. 4,108 பாகங்கள் கொண்ட லீபெர் எக்ஸ்கவேட்டரில் (42100) ஏழு மோட்டார்கள். ஒரு ஹப்பில் நான்கு இணைப்புகளே உண்டு என்பதால் இரண்டு ஹப்கள் தேவைப்பட்டன. மறு ஆண்டே அதே ஹப் வேறு பெட்டிகளிலும் வந்துவிட்டது.

அந்த ஆண்டின் முக்கியமான பாகம் எது என்றால், 958 பாகங்களே கொண்ட கரடுமுரடுப் பாதை வண்டியில் (42099) இருந்த பிளானட்டரி ஹப்பைத்தான் (இது சக்கரத்தின் மையப் பாகம்) சொல்வேன். கனமான வண்டி மேடேறும்போது சக்கரத்துக்கு நிறைய முறுக்குவிசை வேண்டும். முன்பெல்லாம் அந்த விசை முழுவதும் மெல்லிய பிளாஸ்டிக் ஆக்சில் வழியாகவும், திரும்பும் சக்கரத்தின் மூட்டு வழியாகவும் சென்றது. ஆக்சில் முறுக்கிக்கொள்ளும், மூட்டு கழன்றுவிடும். புதிய ஹப்பில் சக்கரத்துக்குள்ளேயே கியர்கள் இருக்கின்றன: நடுவில் ஒரு சிறு கியர், சுற்றிலும் சில கியர்கள், வெளியே பல்வளையம். ஆக்சில் 5.4 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். ஆக்சிலும் மூட்டும் வேகமாகச் சுழன்றாலும் சுமை அவற்றின் மேல் குறைவு. விசை பெருகுவது சக்கரத்தை அடைந்த பிறகுதான். 2021இல் வந்த மெர்சிடீஸ் பென்ஸ் ஸெட்ரோஸ் டிரக்கிலும் (42129) இதே ஹப் உண்டு. அரிது என்ற மதிப்பு போனாலும் அதன் பயன் அப்படியே இருக்கிறது.

ஒரு பாகம் எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான பாகங்களில் வடிவத்துக்கான எண் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள எண் வடிவமும் நிறமும் சேர்ந்த எண். முதல் எண் பழையதாகவும் இரண்டாவது புதியதாகவும் இருந்தால் நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

சேகரித்து வைக்க விரும்புகிறவர்கள் நிறத்தைத் தேடட்டும், அதில் தவறில்லை. நீங்களே வடிவமைத்துக் கட்டுபவர் என்றால், ஒரு பாகத்துக்காகப் பெட்டி வாங்கும் முன், அது இல்லாமல் எந்த வேலை நடக்காது என்று பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பெட்டிக்கு அவசரம் வேண்டாம். பதில் கிடைத்தாலும், அந்தப் பாகம் தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.