இயலாக் குழந்தைகளின் பெற்றோரும் நமது சங்கங்களும்

படுக்கையை விட்டு எழ இயலாத குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு தறியில் உட்காரும் தாயின் நிலையை நமது சங்கப் பதிவேடுகள் எவையும் காட்டுவதில்லை. நூல் வழங்கிய கணக்கு இருக்கிறது. சேலை வரவு வைத்த கணக்கு இருக்கிறது. முன்பு நான்கு சேலை கொண்டுவந்த வீடு இப்போது இரண்டே கொண்டுவருகிறது என்பதும் அதிலிருந்து தெரியவருகிறது. ஏன் குறைந்தது என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை.

கைத்தறி நெசவு ஒருவர் தொழிலன்று, ஒரு குடும்பத்தின் தொழில் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தார் சுற்ற ஒரு கை வேண்டும்; பாவு பிணைக்க ஒரு கை வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கோ, உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக மூன்று நாடா ஓடுவதால், நெய்பவருக்குப் பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து நாடாவை வாங்கித் தள்ளியே ஆக வேண்டும். பல வீடுகளில் அவ்வாறு அமர்பவர் மனைவியே. அவ்வீட்டில் மூளை முடக்குவாதத்தால் கைகால் விறைத்த குழந்தை ஒன்று இருக்குமானால் என்ன நேரும்? கஞ்சியைப் புரையேறாமல் சிறுகச் சிறுகப் புகட்டவே ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் செல்லும். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் காணும். வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தாய் தறியை விட்டு எழுந்துவிடுகிறாள். தந்தை கோர்வையை விட்டுக் கூலி குறைந்த சாதா ரகத்துக்கு இறங்குகிறார். மருந்துச் செலவு ஏறும் வீட்டிலேதான் வருமானமும் இறங்குகிறது.

உழவர் வீடுகளின் நிலை இதனினும் கடினமானது. தறியாவது வீட்டுக்குள் இருக்கிறது. வயல் ஊருக்கு வெளியே இருக்கிறது. நடவு நாளில் குழந்தையைத் திண்ணையில் கிழவியிடம் விட்டுச் செல்பவர்கள் உண்டு. கிழவி இல்லாத வீட்டில் கதவைப் பூட்டிச் செல்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூறுவது எளிது. அன்று மட்டும் அக்குழந்தைக்கு அருகில் இருக்க முன்வருபவர்தாம் ஊரில் அரியர்.

சட்டம் இல்லையா எனில், இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அதிக உதவி தேவைப்படுவோரைத் தனியே குறிப்பிட்டு, அவர்களைப் பராமரிப்பவருக்கான படியைப் பற்றியும் பேசுகிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்படுகிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. ஆனால் இவற்றைப் பெறுவதற்கு முதலில் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மருத்துவர் முன் குழந்தையைக் கொண்டுபோக வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கிப் பேருந்தில் ஏற முடியாது. வண்டி அமர்த்தினால் பல நாள் கூலி போய்விடும். உரிய மருத்துவர் அன்று இல்லையெனில் மறுபடியும் ஒரு முறை. இவ்வாறு இரண்டு முறை அலைந்த பின் விண்ணப்பத்தைப் பரணில் போட்டுவிட்ட பெற்றோரை நாம் அறிவோம். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

தனியொரு பெற்றோரால் இயலாதது பலர் சேர்ந்தால் இயலும் என்பதற்குக் காசர்கோட்டைக் காட்டலாம். அங்கு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, 2000ஆம் ஆண்டு வரை, எண்டோசல்பான் மருந்து வானிலிருந்து தெளிக்கப்பட்டது. பூச்சிமருந்து அடிக்கும் நம் விவசாய அங்கத்தினர்கள் அவ்வரலாற்றைத் தனியே ஒரு நாள் படித்தறிதல் நலம். பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்தில் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் ஆணையிட்டது. 2022 மே மாதத்தில் அந்நீதிமன்றம் மீண்டும் விசாரித்தபோது, 3704 பேரில் தொகை பெற்றவர் எட்டுப் பேரே; அவர்களும் மறுபடி நீதிமன்றப் படியேறியவர்கள். 2016இலும் 2019இலும் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளுடன் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தார்கள். தனித்தனியே மனுவாகப் போயிருந்தால் அவர்கள் குரல் எத்தனை மேசைகளில் உறங்கியிருக்குமோ! சேர்ந்து நின்றதனாலேயே நாடு கேட்டது. நமது சங்கங்களிலோ மக்கள் ஏற்கெனவே சேர்ந்து நிற்கிறார்கள். அச்சேர்க்கையை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை என்பதே நம் குறை.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கவும் நாம் விரும்பவில்லை. இப்பெற்றோர் வாய்விட்டுக் கேட்பது நேரம். பகலில் நான்கு மணி நேரம் நம்பிக்கையான ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் தாய் தறியில் உட்காருவாள், உறங்கவும் கூடும். கேரளத்தில் 2004இல் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கிய ‘பட்ஸ்’ பள்ளி இவ்வகையானது. உள்ளாட்சியும் குடும்பஸ்ரீயும் கைகோத்துப் பின்னர்ப் பல ஊர்களில் இதனைப் பரப்பின. இத்தாலியிலோ இது கூட்டுறவின் வேலையாகவே சட்டத்தில் ஏறிவிட்டது: 1991ஆம் ஆண்டின் 381ஆம் எண் சட்டம் பராமரிப்புச் சேவைக்கென்றே சமூகக் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்த வழி செய்தது.

நூலும் உரமும் கடனும் கொடுப்பதே சங்கத்தின் வேலை, இதுவெல்லாம் தர்ம காரியம் என்று சில நிர்வாகிகள் சொல்லக்கூடும். 1995இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு சமுதாய அக்கறையை ஏழாவது கொள்கையாக ஏற்றது என்று பதில் சொல்லலாம். அது அவர்கள் காதில் ஏறாவிடில் வேறு கணக்குச் சொல்வோம்: கோர்வைத் தறி ஒன்று நின்றால் சங்கத்தின் உற்பத்தியில் குறைவது எவ்வளவு?

ஆகவே லாபம் காணும் சங்கங்கள் பொது நன்மை நிதியிலிருந்து ஒரு பகற்காப்பு அறைக்கு வழி செய்யலாம். அறை பெரிய காரியமன்று. வெறும் கிடங்குகள் நம்மிடம் ஏராளம். ஆளே முக்கியம். புகட்டும் முறையும் வலிப்பில் செய்ய வேண்டுவதும் அறியாதவரிடம் இக்குழந்தைகளை ஒப்படைத்தல் ஆபத்து. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்கிவருகிறது. உள்ளூர்ப் பெண்கள் இருவரை இத்தகைய இடங்களில் பயிற்றுவிக்க வழியுண்டா என்று எழுதிக் கேட்க ஒரு கடிதச் செலவே ஆகும். நட்டத்தில் இருக்கும் சங்கங்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எழுத்தர் விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். அனைவருக்குமாக ஒரே நாளில் ஒரு வண்டி அமர்த்தலாம். ஐந்தாறு குழந்தைகளுக்கு முகாம் வேண்டும் எனச் சங்கம் கேட்டால், ஒரு தாய் கேட்பதினும் அலுவலகத்தில் அதற்கு மதிப்புண்டு.

மற்றொன்று. தமக்குப் பின் இப்பிள்ளையை யார் காப்பார் என்னும் கவலை இப்பெற்றோரை உறங்கவிடாதது. பதினெட்டு வயது நிரம்பிய பின் பெற்றோரும் சட்டப்படி தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். ஆயினும், நமது பங்கு மூலதனப் பதிவேட்டில் வாரிசு நியமனக் கட்டத்தைப் பாருங்கள்: இத்தகைய பிள்ளை உள்ள வீட்டிலும் அண்ணன் பெயரோ தம்பி பெயரோ இருக்கும், அல்லது கட்டம் வெறுமையாக இருக்கும். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன் நிர்வாகக் குழுக்கள் இவ்வீடுகளின் பட்டியல் ஒன்றை எடுத்து, அக்கட்டத்திலிருந்தே வேலையைத் தொடங்கலாம். பட்டியல் எடுக்கப் போகும்போது அந்தத் தாயையே கேளுங்கள். எந்த நான்கு மணி நேரம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.