பெரிய குண்டா, சிறிய குண்டா?

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் உந்தம் என்னும் பாடத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, படத்திலே கைத்துப்பாக்கியால் சுட்டவுடன் ஆள் பத்தடி தூரம் தூக்கி எறியப்படுகிறானே, அதற்கு எவ்வளவு உந்தம் வேண்டும்?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஏனெனில், அவன் கேட்ட கேள்வியைத்தான் அமெரிக்க நாட்டின் இராணுவமும் பொலிசும் நூறாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கின்றன.

வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் கணக்கைப் போட்டோம். அமெரிக்கர் பெரிதும் போற்றும் 0.45 அங்குலக் கைத்துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய 15 கிராம் திணிவுடையது; செக்கனுக்கு 255 மீற்றர் வேகத்தில் செல்வது. இரண்டையும் பெருக்கினால் அதன் உந்தம் சுமார் 3.8 அலகு. இனி, 160 கிராம் திணிவுள்ள கிரிக்கெட் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறார் என்று கொள்வோம். அதன் உந்தம் 6.2 அலகு! பந்து பட்ட துடுப்பாட்டக்காரர் பறந்துபோய் எல்லைக்கோட்டில் விழுவதை நாம் யாரும் கண்டதில்லை. 70 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மனிதனின் உடலில் அந்தக் குண்டு முழுவதும் தங்கிவிட்டாலும், அவன் செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றரளவு வேகமே பெறுவான். அன்றியும், குண்டு முன்னே கொண்டுசெல்லும் உந்தத்துக்குச் சமமான உதைப்பைச் சுடுபவனின் கையும் தாங்குகிறது. எதிரி பறப்பானாயின் சுட்டவனும் பறக்க வேண்டுமன்றோ? நியூற்றனின் மூன்றாம் விதி சினிமாக்காரருக்கு மட்டும் விலக்களிப்பதில்லை.

ஆகவே, குண்டு மனிதனைத் தள்ளுவதில்லை, துளைக்கிறது. அப்படியானால், எவ்வளவு பெரிய துளை வேண்டும்? இந்த வினாவுக்கு ஒரு சோகமான சரித்திரம் உண்டு.

1892 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் தனது பழைய 45 றிவோல்வரை ஒதுக்கிவிட்டு, 0.38 அங்குல றிவோல்வர் ஒன்றை ஏற்றுக்கொண்டது. இலகுவானது, கைக்கு அடக்கமானது. சில ஆண்டுகளில் பிலிப்பைன் தீவுகளில் யுத்தம் மூண்டது. தம் மண்ணைக் காக்க வாளேந்தி வந்த மக்கள், இரண்டு மூன்று குண்டுகள் பட்ட பின்னரும் நிற்காமல் ஓடிவந்து வெட்டினார்கள் என்ற முறைப்பாடுகள் வந்து குவிந்தன. பழைய 45 றிவோல்வர்களைத் தூசி தட்டி மறுபடியும் கப்பலில் அனுப்பினார்கள். பிறர் நாட்டுக்குள் புகுந்தவன் தனது தற்காப்புக்குப் போதிய ஆயுதம் இல்லையென்று முறையிட்டது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அது கிடக்க.

1904 இல் இதனை ஆராய்வதற்கு இருவர் நியமிக்கப்பட்டனர். ஒருவர் ஆயுதப் பகுதியைச் சேர்ந்த ஜோன் தொம்சன். பிற்காலத்தில் தொம்சன் இயந்திரத் துப்பாக்கிக்குப் பெயர் கொடுத்தவர் இவரே. மற்றவர் இராணுவ வைத்தியர் லூயி லாகார்ட். இவர்கள் இறந்தோரின் உடல்களைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். பின்பு சிக்காகோ நகரத்து இறைச்சிக் கொட்டில்களில் உயிருள்ள மாடுகளைச் சுட்டார்கள். சிறிய குண்டுகள் பத்துப் பட்டும் வீழாது நின்ற மாடுகளைச் சம்மட்டியால் அடித்து முடிக்கவேண்டி வந்ததென்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசித்த அன்று எனக்கு இராச்சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாயில்லாச் சீவன்களின் வேதனையிலிருந்து பிறந்த முடிவு இதுதான்: குண்டின் விட்டம் 0.45 அங்குலத்துக்குக் குறையலாகாது. அதே அறிக்கையில் மற்றொரு கருத்தும் இருந்தது. உடலின் முக்கியமான இடத்தில் படாவிட்டால் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஒருவனை உடனே நிறுத்துமென்று நம்பமுடியாது. ஆதலால் வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி அவசியம் என்பதே அது. முதலாவதை எல்லாரும் படித்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் சிலரே.

1911 இல் ஜோன் பிறௌணிங் வடிவமைத்த 45 பிஸ்டல் இராணுவத்துக்கு வந்தது. இரண்டு உலக மகாயுத்தங்களிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் அது வீரரின் இடுப்பில் தொங்கியது. 1985 இல் இராணுவம் 9 மில்லிமீற்றர் பிஸ்டலுக்கு மாறியபோது, வீட்டுக் குலதெய்வத்தை விற்றுவிட்டார்கள் என்பதுபோல் பழைய வீரர்கள் புலம்பினார்கள்.

அதற்கு மறு ஆண்டே, அவர்களின் புலம்பலை மெய்ப்பிப்பது போன்ற ஒரு சம்பவம் நடந்தது. 1986 ஏப்ரல் 11 ஆந் திகதி காலை, மியாமி நகரத்தில் வங்கிக் கொள்ளையர் இருவரின் காரை எப்.பி.ஐ. அதிகாரிகள் எண்மர் வழிமறித்தனர். தொடக்கத்திலேயே ஓர் அதிகாரி சுட்ட 9 மில்லிமீற்றர் குண்டு, கொள்ளையரில் ஒருவனான பிளாற் என்பவனின் வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, சுவாசப்பையைக் கிழித்து, இருதயத்துக்கு ஏறக்குறைய ஓரங்குலத்துக்கு இப்பால் நின்றுவிட்டது. அவன் பிழைக்க முடியாத காயம் அது. ஆனால், சாகப்போகிறவன் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதன் பின்னரே அவன் தன் கையிலிருந்த நீண்ட துப்பாக்கியால் இரு அதிகாரிகளைக் கொன்றான். மொத்தத்தில் எண்மரில் ஐவர் காயமுற்றனர். சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது.

குற்றம் யார்மீது சுமத்தப்பட்டது? அந்த ஓரங்குலத்தின்மீது. 9 மில்லிமீற்றர் போதாதென்று தீர்ப்பாயிற்று. ஆயின், அந்தச் சண்டையை முடித்துவைத்தது எது? இடது முன்கை சிதைந்து இரத்தம் ஒழுக, எட்மண்டோ மிரேலஸ் என்ற அதிகாரி ஒற்றைக் கையில் றிவோல்வரை ஏந்தி, கொள்ளையர் இருந்த காரை நோக்கி நடந்து சென்று, மிக அருகிலிருந்து சுட்டார். அந்த றிவோல்வரில் இருந்தவை 38 குண்டுகள்! விட்டத்தில் 9 மில்லிமீற்றருக்குச் சமமானவை. சக்தியில் அதனிலும் குறைந்தவை. வேறுபாடு குண்டிலன்று, அது சென்று தைத்த இடத்திலேயே இருந்தது.

மனிதனை உடனடியாக நிறுத்துவது மூளையிலோ முள்ளந்தண்டின் மேற்பகுதியிலோ ஏற்படும் காயம் ஒன்றே. மற்ற எந்த இடத்தில் பட்டாலும் இரத்தம் வடிந்து முடியக் காத்திருக்க வேண்டும். இருதயமே சிதைந்துபோனாலும் மூளையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசன் பத்துப் பதினைந்து செக்கன் வரை ஒருவனை இயங்கவைக்கும் என்று எப்.பி.ஐ. 1989 இல் வெளியிட்ட அறிக்கை சொல்லுகிறது. பத்துச் செக்கன் என்பது சிறிய காலமா? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை மூச்சையடக்கிப் பாருங்கள். மறுபுறத்தில், அற்பக் காயம் பட்டவுடனேயே கீழே விழுந்துவிடுகிறவர்களும் பலர். அவர்களை வீழ்த்துவது குண்டன்று. தான் சுடப்பட்டுவிட்டேன் என்ற நினைவே. அந்த நினைவைக் கோபமோ போதையோ மறைத்துவிட்டால், எந்த அளவுக் குண்டுக்கும் உத்தரவாதமில்லை.

எனினும், மியாமிக்குப் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் வீணானவையல்ல. பாவம், மாடுகள் தப்பின! மார்ட்டின் ஃபாக்லர் என்ற இராணுவச் சத்திரவைத்தியர், பத்து வீதம் ஜெலற்றின் கலந்த பாளத்தை மனிதத் தசைக்கு ஈடாகக் கொண்டு குண்டுகளைச் சோதிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். கேக்குக்கும் ஐஸ்கிறீமுக்கும் நம் வீடுகளில் கரைக்கும் அதே ஜெலற்றின்தான். குண்டு இதனுள் 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்குக் கூடாமலும் செல்லவேண்டுமென்று எப்.பி.ஐ. விதித்தது. மனிதனின் மார்பு அவ்வளவு தடிப்பில்லையே என்று கேட்கலாம். பிளாற்றின் கையை நினைத்துக்கொள்ளுங்கள்: குண்டு எப்பொழுதும் நேர்முன்னாக வந்து மார்பில் படுவதில்லை. மேலெல்லை எதற்கென்றால், ஊடுருவி வெளியே வரும் குண்டு அப்பால் நிற்கும் வழிப்போக்கனைக் கொன்றுவிடும்.

இங்கே நம் அயல்நாட்டுச் செய்தி ஒன்று குறுக்கிடுகிறது. நுனி விரிந்து மலரும் குண்டுக்கு 'டம்டம் குண்டு' என்ற பெயர், 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் பிரித்தானியர் அதைச் செய்ததனால் வந்தது. இன்று அவ்வூரிலேயே கல்கத்தாவின் விமான நிலையம் இருக்கிறது. அது கொடூரமானதென்று 1899 இல் ஹேக் நகர மகாநாடு யுத்தத்தில் அதன் பிரயோகத்தைத் தடைசெய்தது. அதே தத்துவத்தில் அமைந்த குண்டையே இன்று அமெரிக்கப் பொலிசார் பயன்படுத்துகிறார்கள். விரிவதனால் வேகம் குறைந்து உடலுக்குள்ளேயே தங்கும். பின்னால் நிற்பவர் தப்புவார் என்பது அவர்கள் கூறும் நியாயம். போர்க்களத்தில் பாவம், வீதியில் புண்ணியம்!

குண்டின் பருமனுக்குத் திரும்புவோம். எப்.பி.ஐ. முதலில் 10 மில்லிமீற்றருக்குத் தாவியது. அதன் உதைப்பைப் பல அதிகாரிகளின் கை தாங்கவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்தபின் தோட்டாவில் பாதி வெற்றிடம். அரைப்பானைச் சோற்றுக்கு முழுப்பானை எதற்கென்று தோட்டாவைக் குட்டையாக்கினார்கள். இவ்வாறு 1990 இல் பிறந்தது 0.40 அங்குலக் குண்டு. நாடெங்கும் பொலிசார் அதை வாங்கினர். அதன் பின்பு 2014 இல் எப்.பி.ஐ. மீண்டும் கணக்குப் பார்த்து, நல்ல முறையில் செய்யப்பட்ட 9 மில்லிமீற்றர் குண்டுக்கும் மற்றவற்றுக்கும் உடலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்று சொல்லி 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. உதைப்புக் குறைவு, தோட்டா அதிகம் கொள்ளும், குறி தவறுவதும் குறையும். 2017 இல் இராணுவம் தெரிந்த புதிய பிஸ்டலும் 9 மில்லிமீற்றரே. பிலிப்பைனில் போதாதென்று எறியப்பட்ட 38 இன் விட்டமும் ஏறக்குறைய இதுவே. சுற்றிச் சுற்றிச் சுப்பரின் கொல்லைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அமெரிக்காவில் சாதாரண குடும்பத்தவரும் தற்காப்புக்கென்று துப்பாக்கி வாங்கி வீட்டில் வைக்கிறார்கள். எந்தக் குண்டு நல்லதென்பது அங்கே கடைத்தெருப் பேச்சு. அந்நாட்டு வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மெல்லிய சுண்ணப்பலகையால் ஆனவை. மேலே சொன்ன எல்லாக் குண்டுகளும் அவற்றைத் துளைத்து அடுத்த அறைக்குச் செல்லும். அடுத்த அறையில் படுத்திருப்பது பிள்ளை. இன்னொன்று: 2021 இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அந்தத் தூரத்தில் 38 க்கும் 45 க்கும் பேதமில்லை.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, பழகிய பொலிசாரே சண்டையில் சுடும் நூறு குண்டுகளுள் எழுபது எண்பது குறிதவறுகின்றன என்று 2014 அறிக்கையில் உள்ளதையும் குறிப்பிட்டேன். கேள்வி கேட்ட மாணவன் மறுபடியும் எழுந்தான்.

"அந்த எண்பதும் எங்கே ஐயா போய்ப் பட்டன?"

மணி அடித்துவிட்டது. அடுத்த பாடத்துக்குரிய ஆசிரியர் வாசலில் நின்றார்.