வண்டிக்கு ஏது தீட்டு?



என் தங்கை மகன் பழைய அமரர் ஊர்தி ஒன்றைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கிவிட்டான். மூன்று நாளாகக் குடும்பக் குழுவில் ஒப்பாரி. "அதுல பொண்ணு பார்க்கப் போவானா?" என்று ஒரு மச்சான். போகட்டுமே!

நீல் யங் என்ற கனடாப் பாடகர் இளவயதில் ஓட்டியது 1948 பியூக் சவ ஊர்தி. பெட்டி தள்ளும் உருளைகள் மேல் இசைக்கருவிகளைச் சுலபமாக ஏற்றினார். அது பழுதானதும் அடுத்து வாங்கியதும் சவ ஊர்திதான். 1966இல் லாஸ் ஏஞ்சலிஸ் நெரிசலில் அந்த வண்டியை வைத்தே ஸ்டீபன் ஸ்டில்ஸ் அவரை அடையாளம் கண்டார். ஒரு இசைக்குழுவே பிறந்தது.

வெள்ளைக்காரன் கதை என்பீர்கள். சரி. நம் வீட்டில் சாவு விழுந்தால், கழுவிவிட்டு அதே கூடத்தில்தானே பாய் விரிக்கிறோம்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் நமக்கு முன் யார் போனார் என்று கேட்டோமா?

அரசு ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் 155377க்குச் சொன்னதும் இலவச அமரர் ஊர்தி வருகிறது. நம் பிணத்தை வீடு சேர்த்த ஓட்டுநர், இரவு தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார். வண்டி தீட்டென்றால் அவர் யார்? அப்படி வந்த ஒருவருக்குத் தண்ணீர்ச் சொம்பைத் தரையில் வைத்து நகர்த்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இருவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவனிடம் ஏதாவது கேட்டே ஆகவேண்டுமென்றால் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். வாகன வகையை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், இன்சூரன்ஸும் மாற வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் காதைத் திருக முதல் ஆளாய் நான் வருவேன்.