கைக்குள் அடங்கும் விமானம்

விமானம் என்னும் சொல் பூதப்பாண்டி மக்களுக்கு இருபொருள் தருவது. கோயிற் கருவறையின் மேல் எழும் கட்டடமும் விமானம். தாடகை மலைக்கு மேலே வானில் இரைந்து செல்லும் ஊர்தியும் விமானம். முன்னதன்மேல் சுதை உருவங்கள் அமைத்து வண்ணம் தீட்டுதல் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் தொழில். பின்னதை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ சிறிதாகச் செய்து, அதன் நுண்ணிய உறுப்புகளுக்கெல்லாம் வண்ணம் தீட்டுதல், மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டிலே வளர்ந்து, இன்று நம் நாட்டு இளைஞர் சிலரையும் பற்றியிருக்கும் கலை.

இக்கலையை வீண்வேலை என்பார் பலர். “பறக்கும் மாதிரியைச் செய்தாலாவது பறத்தலின் விதிகளை அறியலாம். பறவாத பொம்மைக்கு ஊசிமுனை அளவிலே வண்ணம் எதற்கு?” என்பது அவர்தம் வினா. இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மாதிரி விமானங்களுக்குரிய அளவுகளுள் மிகுதியாக வழங்குவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு. ஆறடி உயரமுள்ள விமானி அவ்வளவில் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறான். நாற்பதடி அகன்ற இறக்கையையுடைய ‘ஹரிக்கேன்’ போர்விமானம் ஏழு அங்குலத்திற்கும் குறைந்து உள்ளங்கையில் அமர்ந்துவிடுகிறது. விமானியின் முன்னே உள்ள மூன்றங்குல அளவுமானியோ ஒரு மில்லிமீட்டர் வட்டமாகச் சுருங்குகிறது. அவ்வட்டத்துள் முள்ளும் எண்ணும் எழுத ஒருவன் இரவெல்லாம் கண்விழித்தால், அவன் பெற்றோர் கவலைகொள்வது இயல்பேயன்றோ?

வரலாற்றிலும் அவ்வினாவுக்குச் சார்பான சான்று ஒன்று உண்டு. 1942-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, தன் நாட்டுப் பள்ளி மாணவரிடம் 5,00,000 மாதிரி விமானங்கள் செய்து தருமாறு கேட்டது. பகைவர் விமானம் எது, தம் விமானம் எது என்று வீரர் கண்ட அளவில் அறிந்துகொள்ளப் பயிற்சி தரவே அவை வேண்டப்பட்டன. அவையும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவினவே. முப்பத்தைந்து அடிக்கு அப்பால் வைத்துப் பார்த்தால், அம்மாதிரி ஏறக்குறைய அரைமைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானம்போலவே தோன்றும். அம்மாதிரிகளுக்கு ஒரே வண்ணந்தான் பூசப்பட்டது; அது கறுப்பு. வடிவம் ஒன்றே அங்கே வேண்டியது; மற்றவை அனைத்தும் கண்ணைக் குழப்புவன. ஆகவே, நுட்பம் எங்கும் வேண்டும் என்பாரின் கூற்றும் பொருந்தாது.

ஆனால், அதே போரில் ஒரு சிறு வட்டம் உயிரைக் காக்கவும் போக்கவும் வல்லதாக இருந்தது. ஜப்பானிய விமானங்களின் அடையாளம் செந்நிற வட்டம். பிரிட்டிஷ் விமானப் படையும் இந்திய விமானப் படையும் தம் விமானங்களில் நீலமும் வெண்மையும் சூழ நடுவே சிவப்பு வைத்திருந்தன. பர்மாக் காடுகளின்மேல் விரைந்து செல்லும் விமானத்தில் அந்தச் சிவப்பைக் கண்டவன் தன்னவனையே பகைவன் என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும். ஆதலால், போர் நடக்கும்போதே அந்த நடுச்சிவப்பு அழிக்கப்பட்டது. பின்னர், கிழக்குப் போர்முனை விமானங்களில் அடர்நீலமும் வெளிர்நீலமுமே நின்றன. அமெரிக்கரும் 1942 மே மாதத்தில் தம் வெண்மீனின் நடுவிலிருந்த செவ்வட்டத்தை நீக்கினர்.

1944-ஆம் ஆண்டில் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப் படையின் முதலாம் அணி ஹரிக்கேன் விமானங்களில் பறந்து போரிட்டது. அவ்விமானம் ஒன்றைச் செய்யும் மாணவன் இங்கிலாந்தில் பறந்த ஹரிக்கேனின் படத்தைப் பார்த்து நடுவிலே சிவப்புப் புள்ளி வைத்தானாயின், அவன் கை எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும் அவ்விமானம் இம்பாலில் பறந்த விமானம் அன்று. சுருங்கச் சொன்னால், நுண்வண்ணம் அழகுக்காக அன்று, உண்மைக்காகவே வேண்டப்படுவது. இந்தியரின் விமானத்திலே இந்தியரின் அடையாளத்தைப் பிழையாக எழுதுதல் சிறு குற்றம் ஆகாது.

விடுதலைக்குப் பின்னரும் இச்செய்தி தொடர்கிறது. 1948 முதல் 1950 வரை நம் விமானங்கள் வெண்ணிலத்தில் நீல அசோகச் சக்கரம் தாங்கின. 1950-இல் புறத்தே காவி, இடையே வெண்மை, நடுவே பச்சை என்னும் மூவண்ண வட்டம் வந்தது. ஒரே வகை விமானம் சில ஆண்டுகளுக்குள் அடிமைநாட்டின் அடையாளத்தையும், விடுதலை பெற்ற நாட்டின் அடையாளத்தையும், குடியரசின் அடையாளத்தையும் தாங்கிற்று. கட்டைவிரல் நகத்தினும் சிறிய அவ்வட்டத்தில் எழுதப்பட்டிருப்பது நாட்டின் வரலாறு.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 1940-இல் இங்கிலாந்தில் போரிட்ட எட்டுத் துப்பாக்கி ஹரிக்கேனில், இறக்கையின் முன்விளிம்பில் உள்ள துப்பாக்கித் துளைகளைத் துணிகொண்டு ஒட்டி மூடுவர். முதற் குண்டு புறப்படும்போது துணி கிழியும். பின்னே புகைக்கறை படியும். மாதிரியில் துணியும் கிழியாமல், புகைக்கறையும் படிந்திருக்குமாயின், அது தன்னைத் தானே மறுக்கும் சாட்சி போன்றது. இத்தகைய முரணைக் கண்டுபிடிப்பதில் சிறுவர் பெரியவரை வெல்வர்!

தீட்டும் முறையைப் பொறுத்தவரை, மிக மெல்லிய தூரிகையே வேண்டும் என்று பலர் மயங்குகின்றனர். மெல்லிய தூரிகையில் வண்ணம் மிகக் குறைவாகவே நிற்கும். கண்ணாடிக்கூட்டின் சட்டத்தைத் தொடுமுன்னரே காய்ந்துவிடும். நடுத்தரப் பருமனும் கூர்மை குலையாத நுனியும் உடைய தூரிகையே சிறந்தது. பள்ளமான இடங்களில் நீர்த்த கருவண்ணத்தை ஓடவிட்டால் நிழல் தானே அமையும். மேடான இடங்களில், துணியில் துடைத்து ஏறக்குறைய உலர்ந்துவிட்ட தூரிகையை மெல்ல இழுத்தால் விளிம்புகள் ஒளிபெறும். தூய கறுப்பைத் தவிர்த்துச் சிறிது சாம்பல் கலத்தல் நன்று. தொலைவிலுள்ள பொருளின் நிறம் காற்றினூடே வெளிறித் தோன்றும் அன்றோ?

இவ்வுண்மை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. சுசீந்திரத்தின் ஏழுநிலைக் கோபுரம் போன்ற கட்டடங்களில் சுதை உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவோர், கீழே நிற்பவன் கண்ணை மனத்திற்கொண்டே தீட்ட வேண்டியவர். உயரத்திலுள்ள முகத்திற்குப் புருவத்தைத் தடித்த கோடாக எழுதினால்தான் தரையிலிருந்து அது புருவமாகத் தெரியும். மாதிரி செய்பவனுக்கும் இதே கணக்குத்தான். ஓரங்குல விமானியின் முகத்தில் விழியும் இமையும் எழுதினால் அவன் திகைத்து விழிப்பவன்போலத் தோன்றுவான். கண்குழியில் ஒரு நிழல், மூக்கின்மேல் ஓர் ஒளி போதும். எதனை எழுதாமல் விடுவது என்பது, எதனை எழுதுவது என்பதினும் கற்றற்கு அரியது. அளவுமானியின் எண்களுக்காகக் கண்விழிக்கும் மாணவனைப் பெற்றோர் தடுத்தால் அவர்பக்கமே நியாயம் உண்டு.

வெளிநாட்டுப் பெட்டிகள் விலை மிகுந்தவையே. எனினும், கலியாணமுருங்கை போன்ற மென்மரமும் ஒரு கூரிய கத்தியும் உடையவன் தொடங்கிவிடலாம். அரியது பொருளன்று; சான்றே. டெல்லியிலுள்ள பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேன் ஒன்று நிற்கிறது. ஆனால், பூதப்பாண்டி மாணவன் எளிதில் சென்று காணும் தொலைவில் அது இல்லை. பழைய புகைப்படங்களே அவனுக்குத் துணை. அவையும் ஏமாற்ற வல்லவை. அக்காலப் படச்சுருளில் ஒருவகை சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டிவிடும். படம் எந்த ஆண்டில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதை அறிந்தபின்னரே அதன் சாம்பல்நிறத்தை நீலம் என்றோ சிவப்பு என்றோ படிக்க முடியும்.

மாதிரியின் அடியில் ஒட்டும் சீட்டில் விமானத்தின் பெயரை மட்டும் எழுதுவோர் பலர். இடமும் ஆண்டும் சேர்த்து எழுதுவோர் சிலர். “ஹரிக்கேன், இம்பால், 1944” என்று எழுதத் துணிந்தவன் வட்டத்தின் நடுவே சிவப்பு வைக்கமாட்டான்.