மகளைக் கொன்றால் மானம் வருமா?

பெண் படிக்கலாம். வேலைக்குப் போகலாம். சம்பளம் கொண்டு வரலாம். ஆனால், "இவரைத்தான் மணப்பேன்" என்று சொன்னால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமாம். இது என்ன நியாயம்?

வேப்பூர் வட்டாரம் மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள் கண்ணகியும் முருகேசனும். இருவரும் படித்தவர்கள். முருகேசன் என்ஜினீயர், ஆதிதிராவிடர். கண்ணகி வேறு சாதி. 2003-ம் ஆண்டு மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்து கொண்டார்கள். ஜூலையில் இருவரையும் பிடித்து வந்து, ஊரார் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்றார்கள். உடல்களையும் எரித்தார்கள். கொன்றவர்களில் பெண்ணின் சொந்தக் குடும்பத்தாரும் இருந்தார்கள்.

போலீசார் முதலில் புகாரை ஏற்கவில்லை. பிறகு முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். மன்னனிடமே நீதி கேட்டவளின் பெயரைத் தாங்கிய பெண்ணுக்குப் போலீஸ் நிலையக் கதவு திறக்கவில்லை!

வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021-ல் கடலூர் கோர்ட்டு ஒருவருக்குத் தூக்குத் தண்டனையும், 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2022-ல் ஐகோர்ட்டு தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு செய்தவர்களில் 2 பேர் போலீஸ் அதிகாரிகள்.

இதற்குள் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. கொலைக்குத் தண்டனை அன்றும் சட்டத்தில் இருந்தது. புகாரை வாங்கும் கைதான் இல்லை. தூக்கா, ஆயுளா என்று வாதாடுவது இருக்கட்டும். மிரட்டல் வந்த அன்றே போலீசார் எழுந்து வருவார்களா? பெண்ணின் உயிரைக் காப்பது அதுதான். பெண்ணுரிமை பேசுவோர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.

இப்படிப்பட்ட தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவும், பாதுகாப்பான தங்குமிடமும் வேண்டும். கடமை தவறும் அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும் என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த உத்தரவு ஏட்டில் உறங்கக் கூடாது. ஆபத்தில் இருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பிய பெண் தன் விருப்பப்படி மணக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்குக் கோபம் வரலாம். பேசாமல் இருக்கலாம். அடிக்கவோ, அடைத்து வைக்கவோ, கொல்லவோ உரிமை கிடையாது. பேரப்பிள்ளை பிறந்ததும் கோபம் தணிந்து கூடிய குடும்பங்கள் எத்தனையோ! கோபம் ஆறும். போன உயிர் திரும்பாது.