தெருவை அறிந்தவர்

நெமிலிச்சேரியில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்காத தெரு அரிது. அம்பத்தூரில் வேலை, ஆவடியில் பிள்ளைக்குப் பள்ளி, இங்கே குடித்தனம். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த தெரு. இப்படிப்பட்ட ஊரில் வாக்காளர் பட்டியலோடு கதவு தட்டுவது என்ன பாடு என்று பூத் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்து ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பெரிய பந்தல், பெரிய தலைவர்கள். அதே காலத்தில் தி.மு.க. படிப்பகத்திலும் முடிதிருத்தகத்திலும் டீக்கடையிலும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. 1957-ல் சட்டமன்றத்தில் 15 பேர், 1967-ல் ஆட்சி. மேடையும் சினிமாவும் காரணம் என்பார்கள். தெருவில் யார் யார் என்று அறிந்திருந்த கிளைச் செயலாளரைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அவருடைய நோட்டுப் புத்தகம் இன்று செல்போனுக்குள் போய்விட்டது. 2020-ல் அதே கட்சி 'எல்லோரும் நம்முடன்' என்று இணையத்தில் உறுப்பினர் சேர்த்தது. 2025 ஜூலையில் 'ஓரணியில் தமிழ்நாடு' என்று வீடு வீடாகப் போய்ச் செயலியில் பதிந்தது. அப்போது ஓடிபி வாங்கியதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. சரியான தடை. தெரிந்த முகம் என்று கதவைத் திறப்பவரின் நம்பிக்கையை எந்தக் கட்சியும் அப்படிச் செலவழிக்கக் கூடாது.

அந்த நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் வந்தது. பழைய பட்டியலில் பெயரைத் தேடச் சொன்னார்கள். ஆவடித் தொகுதியோ 2008 மறுவரையறையில் பிறந்தது. அதற்கு முந்தைய அந்தப் பட்டியலில் தொகுதியின் பெயரே கிடையாது. பழைய தொகுதியை ஊகித்து, ஸ்கேன் செய்த பக்கத்தை விரலால் தள்ளித் தள்ளி, "இது உங்க மாமனார் பேருதானேம்மா?" என்று கேட்க வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவர்களில் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்களாம். அப்படி மாறியவர் அடுத்த தெரு மாடிவீட்டில்தான் இருக்கிறார் என்பது செயலிக்குத் தெரியாது. தண்ணீர் கேன் போடும் தம்பிக்குத் தெரியும். கட்சிகள் அந்தத் தம்பியைத் தேடிப் பிடிக்கட்டும்.

வீடு மாறினால், கேஸ் இணைப்பை மாற்றும் அதே வாரத்தில் படிவம் 8-ஐயும் கொடுத்துவிடுங்கள். பக்கத்துக் குடித்தனக்காரரிடமும் சொல்லுங்கள்.