வாடகை நிறம் பாராததா?

வாடகைச் சீட்டில் நிறம் எழுதப்படுவதில்லை; வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வாடகை ஒன்றே; கொடுக்க இயலாதவர் வருவாயைப் பெருக்கிக்கொள்ளட்டும். அமெரிக்க நாட்டில் இவ்வாறு வாதிடுவோர் பலர் உளர். நம்மிடையேயும் இவ்வாதத்தை மெச்சுவோரைக் கண்டு வியந்திருக்கிறோம்.

வருவாயில் நூற்றுக்கு 30 பங்கிற்கு மேல் வீட்டுச் செலவுக்குப் போகுமாயின், அது சுமை தாங்கும் குடும்பம் என்பது அந்நாட்டு அளவுகோல். 2023ஆம் ஆண்டின் மக்கள் கணக்குத் துறைப் புள்ளிகளின்படி, வாடகைக் குடும்பங்களில் ஏறத்தாழச் சரிபாதி, அஃதாவது 2 கோடியே 10 இலட்சத்திற்கு மேற்பட்டவை, இச்சுமையின் கீழ் இருந்தன. கறுப்பரில் நூற்றுக்கு 56.2, வெள்ளையரில் 46.7, ஆசியரில் 43.4. அரபியில் வீட்டை மஸ்கன் என்பர். அமைதியைக் குறிக்கும் ஸகீனாவும் அதே வேரில் பிறந்த சொல்லே. மாதம் பிறக்குந்தோறும் நெஞ்சம் பதைக்கச் செய்யும் கூரையை அப்பெயரால் அழைக்க நமக்கு நா எழவில்லை.

ஆசியர் வெள்ளையரினும் குறைவாயிற்றே, பாகுபாடு எங்கே என்று ஒருவர் துள்ளக்கூடும். பொறுங்கள்! பட்டத்தோடு விமானமேறிச் சென்ற பொறியாளரும், போரில் யாவும் இழந்து சென்ற ஏதிலியும் அக்கணக்கில் ஒரே பெயருக்குள் அடைபட்டிருக்கின்றனர்.

கறுப்பரின் கதையோ வேறு. 1930களில் அரசின் வீட்டுக் கடன் நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பர் வாழ்ந்த தெருக்களுக்குச் செந்நிறம் தீட்டிற்று. கடனுக்கு ஆகாத இடம் என்பது அதன் பொருள். கடனுக்கு ஈடு நின்ற அரசுத் துறையும் அத்தெருக்களை ஒதுக்கிற்று. வெள்ளையர் பலர் எளிய தவணையில் வீடு வாங்கி மக்களுக்கு விட்டுச் சென்றனர். கறுப்பர் பலரோ விட்டுச் செல்ல ஏதுமின்றி வாடகை கொடுத்தே மாய்ந்தனர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையொப்பமாயிற்று. நல்லதே. ஆயின் இழந்த செல்வத்தை எவர் திருப்பித் தந்தார்? 2022இல் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பத்தினுடையது 44,900. இவ்விருவரையும் ஒரே வாடகையின் முன் நிறுத்திவிட்டுச் சமநீதி என்பதா?

இன்னொன்றும் கேளுங்கள். அரசின் வாடகை உதவி, தகுதியுடையோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே எட்டுகிறது. உதவிச் சீட்டைப் பெற்றவரையும் "சீட்டுக்காரருக்கு வீடில்லை" என விரட்டும் உரிமையாளரைத் தடுக்க நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. சில மாநிலங்களும் நகரங்களுமே தடுத்துள்ளன. நிறத்தைச் சொல்லி மறுத்தால் குற்றமாம், சீட்டைச் சொல்லி மறுத்தால் வணிகமாம்! இவ்வோட்டையை அடைக்கக் கோருவது கறுப்பருக்காக மட்டுமன்று. வெள்ளை ஏழையும் அதே சீட்டோடுதான் வாயில் வாயிலாக அலைகிறார்.